இரண்டு மனுக்களிலும் என் கையெழுத்து இருந்தது: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளையும் சேர்ந்த மாமன்ற உறுப்பினர்களுக்கும், அந்த வார்டுகளில் இயங்கிவரும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வருகிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் எழுதிய மனுக்களின் நகல்கள் ஒரு கோப்பு நிறைய என்னிடம் இருக்கின்றன. பொறுப்பிலிருந்து விலகியபோது அந்தக் கோப்பைப் புதிய செயலாளரிடம் ஒப்படைப்பதற்காக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டு மனுக்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, எங்கள் தெரு நடைபாதையில் குடியிருந்த மூன்று குடும்பங்களை உடனடியாக அப்புறப்படுத்தக் கோரியது. இரண்டாவது, அதற்கடுத்த ஆண்டு எழுதப்பட்டது. இரண்டு தெரு தள்ளிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தில் வீடற்றோருக்கான காப்பகம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தபோது அதை எதிர்த்து எழுதியது. இரண்டிலும் முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே இருந்த பெயர்களும் பெரும்பாலும் அதே பெயர்கள்தாம். நடைபாதையில் இருக்கக் கூடாது என்று ஒரு தாளிலும், கட்டடத்துக்குள்ளும் இருக்கக் கூடாது என்று இன்னொரு தாளிலும் ஒரே கூட்டத்தார் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த உறுத்தலே இந்த மடலை எழுத வைக்கிறது.

முதல் மனுவில் நாங்கள் எழுதியவை பொய் அல்ல. நடைபாதை முழுவதையும் தார்ப்பாயும் மூட்டைகளும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் அடைத்துக்கொண்டதால், எங்கள் தெருவின் முதியவர்கள் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கித்தான் நடந்தார்கள். கோலூன்றி நடந்த ஒருவரை ஆட்டோ உரசிவிட்டுப் போனது. விடியற்காலையில் சுற்றுச்சுவரோரம் நாற்றம் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை இரவுகளில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்களின் சண்டை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்தது. இவற்றைச் சொல்லிக் குமுறுகிறவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. வரி கட்டுகிற, பொறுமையாக வரிசையில் நின்று மனுக் கொடுக்கிற, ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மக்களின் கோபம் அது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, இப்போதும்.

ஆனால் அந்த மூன்று குடும்பங்களும் எங்களுக்கு அந்நியர்கள் அல்லர். அவற்றுள் ஒரு குடும்பத்தின் பெண்மணியிடம்தான் எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைப் பூ வாங்குவோம். அவருடைய கணவர் சவுகார்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். இன்னொரு குடும்பத்தின் மூதாட்டி எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கினார். பூக்கார அம்மா இரவு வெகுநேரம் உறங்குவதில்லை. பக்கத்தில் ஈரத்துணியில் உதிரிப்பூவைக் குவித்து வைத்துக்கொண்டு, கால் கட்டை விரலில் வாழைநாரைச் சுற்றி, தலை நிமிராமல் கட்டிக்கொண்டே இருப்பார். அடுத்த நாள் வியாபாரத்துக்கு என்று நினைத்திருந்தேன். வியாபாரம் பாதிக் காரணம்தான் என்று பிறகு அவரே சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் பக்கத்தில் உறங்குகிறாள்; கணவர் இரவுச் சுமை இறக்கிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பும் வரை தாய் கண்ணயர முடியாது. கண் மூடாமலிருக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தது, எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது என்று நான் மூன்று முறை மனுப் போட்டு வாங்கிய எல்இடி விளக்கின் அடியில்.

முதல் மனு கொடுத்துச் சில வாரங்கள் கழித்து, ஒரு நாள் விடியுமுன் லாரி ஒன்று வந்தது. வந்தவர்கள் எந்தத் துறையினர் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு துறையின் மேல் பழியைப் போட்டு முடித்துக்கொள்ளக்கூடிய விஷயம் அன்று இது; அவர்களை வரவழைத்ததே எங்கள் மனுதான். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தார்ப்பாய், அடுப்பு, குடம், பாய், பள்ளிப்பை, அதோடு ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் காதில், பூக்கார அம்மா மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த டப்பாவை மட்டும் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டு லாரியின் பின்னால் ஓடியது விழுந்தது. அதற்குள்தான் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரேஷன் அட்டையும் ஆதாரும் வாக்காளர் அட்டையும் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. வாக்காளர் அட்டையில் இருந்தது எங்கள் தெருவின் பெயர். மாமன்ற உறுப்பினர்களே, அவரும் உங்களுக்கு வாக்களித்தவர்களுள் ஒருவர்.

அன்று காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நன்றி தெரிவித்து வந்த செய்திகளைப் படித்தவர்கள் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்று குடும்பங்களும் எட்டாவது நாள் அடுத்த தெருவில் இருந்தன. அந்தத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். பிறகு கோயில் மதிலோரம், அதன் பிறகு மேம்பாலத்தின் அடியில். நான்கு மாதம் கழித்துப் பூக்கார அம்மா எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தார். இந்தச் சுற்றுக்கு எத்தனை லாரிகள், எத்தனை ஆட்கள், எத்தனை நாள் கூலி செலவாயிற்று என்று எவராவது கணக்குப் பார்த்தால், அந்தத் தொகையில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று தெரியவரும். எனக்குத் தெரிந்த வரையில் கிடைத்த ஒரே பலன், அவருடைய மகள் அந்த ஆண்டு பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதுதான். தொலைந்த அட்டைகளுக்கு நகல் வாங்கப் பூக்கார அம்மாவோடு ஒரு அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். விண்ணப்பத்தில் கதவு எண்ணுக்கான கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றார்கள். அங்கிருந்த பெண் கடுமையாகப் பேசவில்லை. கணினி ஏற்றுக்கொள்ளாது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். கடைசியில் எங்கள் கட்டடத்தின் எண்ணைக் கொடுத்தோம். எந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து அவரை விரட்டினோமோ அதன் எண்.

இவர்கள் ஊரிலிருந்து நேற்று வந்தவர்கள், திருப்பி அனுப்பிவிட்டால் போயிற்று என்ற பேச்சு நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. வேலை தேடி வந்து ரயில் நிலையங்களைச் சுற்றி உறங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பழைய சென்னையின் நடைபாதைகளில், வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியும் ராயபுரத்திலும், இரண்டு மூன்று தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக வாழ்கிறவர்கள் ஏராளம். பூக்கார அம்மா பிறந்தது எங்கள் தெருவுக்கு அரைக் கிலோமீட்டருக்குள். அவருடைய தாய் இறந்ததும் அங்கேயே. நான் இந்தத் தெருவுக்கு வந்தது அதற்கெல்லாம் பின்னால். ஊருக்குப் போகச் சொன்னால் போவதற்கு அவருக்கு வேறு ஊர் கிடையாது.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இது தேய்ந்து மறைகிற பிரச்சினையாகத் தெரியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு ஒதுக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று பதிவாயிற்று, அவர்களில் 9.38 லட்சம் பேர் நகரங்களில். 2001-ஐ ஒப்பிட்டால் மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தது, நகரத்து எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தது. ஒரே இரவில், மேம்பாலத்தின் அடியிலும் கடைத் திண்ணையிலும் நடைமேடையிலும் உறங்குகிறவர்களைத் தேடிப்பிடித்து எண்ணியதில் விடுபட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நடைபாதையைத் தினம் பார்க்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதற்கடுத்த கணக்கெடுப்பு 2021-இல் நடந்திருக்க வேண்டும்; நடக்கவில்லை. எத்தனை பேருக்குத் திட்டமிடுகிறோம் என்பதே அறியாமல் திட்டமிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நாற்பது ஆண்டுகளாக அது நம்மைவிட முன்னால்தான் நடந்துகொண்டிருக்கிறது. 1985-இல், மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வதற்கான உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே ஆண்டில் சென்னை நடைபாதைவாசிகளுக்கும் குடிசைவாசிகளுக்குமான வழக்கும் அந்த நீதிமன்றத்தின் முன் வந்தது; அதைத் தொடுத்த வழக்கறிஞர் கே. சந்துரு, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை உண்டு என்று ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு சொல்லவில்லை; நடைபாதை நடப்பதற்கே என்பதையும் அது ஒப்புக்கொண்டது. ஒருவரை எழுப்பி அனுப்புவதற்கு முன் அவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றது. மழைக்காலம் முடியும் வரை அப்புறப்படுத்தலைத் தள்ளியும் வைத்தது. விடியுமுன் வந்த லாரிக்கும் அந்தத் தீர்ப்புக்கும் எந்த உறவும் இல்லை.

2010-இல், உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக, நகரங்களில் வீடற்றோருக்குக் காப்பகங்கள் ஆண்டு முழுவதும், இரவிலும் பகலிலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை ஒரு திட்டமாகவே வகுத்தது. 1 லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு நிரந்தரக் காப்பகம். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம். தண்ணீர், குளியலறை, சமையலுக்கு வசதி. கூடிய வரையில் வீடற்றோர் கூடும் இடங்களுக்கும் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் அருகிலேயே அமைய வேண்டும் என்ற விதி. 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த நம் மாநகராட்சி எல்லைக்குள் அந்த ஆண்டுக் கணக்கிலேயே 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அப்படியானால் 60-க்கும் மேற்பட்ட காப்பகங்கள். இன்றைய மக்கள்தொகைக்கு இன்னும் கூடுதல். வார்டுக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ மூன்று வார்டுகளுக்கு ஒன்று வர வேண்டும். உங்கள் வார்டையும் பக்கத்து இரண்டு வார்டுகளையும் மனத்துக்குள் சுற்றி வந்து, அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சென்னையில் காப்பகங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கின்றன, தொண்டு நிறுவனங்கள் அவற்றை ஏற்று நடத்துகின்றன, அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்குவதற்கென்று அமைந்தவை நல்ல பணி செய்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கின்றன. நம் நடைபாதையில் இருப்பதோ குடும்பங்கள். காப்பகத்துக்குப் போகலாமே என்று பூக்கார அம்மாவிடம் நானே ஒருமுறை கேட்டேன். "அவரு ஒரு எடம், நானும் பொண்ணும் ஒரு எடம், மாமியார் ஒரு எடமாம்மா? வண்டிய எங்க வுடறது?" என்றார். மீன்பாடி வண்டிதான் அந்தக் குடும்பத்தின் முதலீடு. அதை இரவில் கண்முன் நிறுத்திவைக்க முடியாத இடத்தில் அவர்கள் உறங்க மாட்டார்கள். கூப்பிட்டாலும் வர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வது உண்மைதான். அவர்கள் மறுப்பதற்கான காரணமும் அவ்வளவே உண்மை.

இரண்டாவது மனுவுக்கு வருகிறேன். குடும்பங்கள் சேர்ந்து தங்கக்கூடிய காப்பகம் ஒன்று அந்தப் பூட்டிய கட்டடத்தில் வரலாம் என்ற பேச்சுக்கே நாங்கள் கூடிவிட்டோம். வீட்டு மதிப்பு குறையும், வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள், பெண் பிள்ளைகள் இருக்கிற தெரு, திருட்டுப் பெருகும் என்று நான்கு காரணங்கள் எழுதினோம். இன்று அந்தத் தாளை எடுத்துப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது, அந்த மூன்று குடும்பங்களும் அப்போதே எங்கள் வாசலில் இருந்தார்கள் என்பதுதான். எத்தனையோ ஆண்டுகளாக அவர்கள் அங்கே இருந்தும் ஒரு வீட்டில் திருட்டுப் போனதில்லை. எங்கள் காவலாளி ஊருக்குப் போன நாட்களில் வெளியாள் நுழைந்தால் குரல் கொடுத்தது பூக்கார அம்மாதான். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய நாங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் திறந்தவெளியில் உறங்கிய பெண் பிள்ளையைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டு மதிப்பைப் பற்றிய அச்சம் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன், ஆயுள் முழுவதும் கடன் கட்டி வாங்கிய வீடுகள் இவை. ஆனால் வாசலில் தார்ப்பாய் கட்டிய தெருவைவிட, இரண்டு தெரு தள்ளி ஒழுங்காக நடக்கும் ஒரு காப்பகம் வீட்டு மதிப்பைக் கூடுதலாகக் குறைக்குமா என்று எங்களில் எவரும் நின்று யோசிக்கவில்லை.

மாமன்ற உறுப்பினர்களே, இந்த இரண்டாவது மனுவைப் பெற்றுக்கொண்டபோது எங்களிடம் எவரும் முதல் மனுவைக் காட்டவில்லை. "போன ஆண்டு இதைக் கேட்டீர்கள், இந்த ஆண்டு இதைக் கேட்கிறீர்கள், இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும்?" என்று ஒரு கேள்வி வந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது வாயடைத்து உட்கார்ந்திருப்போம். மனுக் கொடுப்பவருக்கு ஒத்துப் போவதையே மக்கள் பணி என்று ஆக்கிவிட்டால் இதுதான் நடக்கும். காப்பகத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள் கூட்டமாக வருகிறார்கள். காப்பகம் வேண்டியவர்கள் கூட்டமாக வர முடிவதில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதற்குத்தான் ஓர் உறுப்பினர் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

தொலைவில் வீடு கொடுத்து அனுப்பிவிடுவதும் ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் எழுந்த குடியிருப்புகளுக்குப் போன குடும்பங்களில் பலர், சுவரும் கூரையும் கிடைத்தும் பிழைப்பு அறுந்துபோய்த் தவித்ததை நாம் பார்த்திருக்கிறோம். விடியலில் பூக்கடைக்கோ மீன் சந்தைக்கோ வந்து சேர வேண்டிய ஒருவருக்கு இருபது கிலோமீட்டர் என்பது ஒரு நாளின் வருமானத்தைத் தின்றுவிடும் தூரம். அதனால்தான் வீட்டைப் பூட்டிவிட்டு வாரத்தில் ஐந்து நாள் பழைய நடைபாதையிலேயே உறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தற்காலிகம் என்ற சொல்லும் இந்த நகரத்தில் நீண்டுவிடும். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தின் சுற்றுவட்டாரத்து நடைபாதைகளிலிருந்து 2002-இல் எழுப்பப்பட்ட குடும்பங்கள் கண்ணப்பர் திடலில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரே கூடத்தில், துணியால் மறைத்த அறைகளில், அந்தத் தற்காலிகம் இருபது ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே பெரியவர்களானார்கள்.

இன்னொன்றை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் தெருமுனைப் பூவரச மரத்தடியில் ஒருவர் நான்கு மாதம் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலிலும் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருப்பார். யாருடனோ ஓயாமல் வாதாடுவார். சில நாட்களில் கல்லெடுத்து வீசுவார். பிள்ளைகள் பயந்தார்கள். நாங்கள் மாறி மாறித் தொலைபேசியில் அழைத்தோம். ஒருவர் மருத்துவமனையை அழைக்கச் சொன்னார். மருத்துவமனையில் காவலர் அழைத்து வந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். காவலர் தரப்பில், அவர் மேல் புகார் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். புகார் எழுதுவதற்கு அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவை அப்போது நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. மனநலம் பாதிக்கப்பட்டுத் தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைகிற ஒருவரைத் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பொதுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பதிகாரியின் கடமை. அவரைச் சிறையிலோ காவலறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம் அது! 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கிறது. தெருவில் திரியும் மனநோயாளிகளுக்காகவே 1993-லிருந்து உழைக்கும் பேனியன் போன்ற அமைப்பும் இதே நகரத்தில்தான் பிறந்தது. எல்லாம் இருந்தும், ஐப்பசி மாதத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு மரத்தடியில் மூன்று சட்டைகளில் ஒன்று மட்டும் கிடந்தது. அவர் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது. குழுவில் ஒருவர் "பிரச்சினை முடிந்தது" என்று எழுதினார். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களும் இருந்தார்கள்.

நடைபாதை நாற்றத்தைப் பற்றிய புகாருக்கும் ஒரு வரி. எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள கழிப்பறை இரவு பூட்டப்படுகிறது. பூக்கார அம்மாவும் மகளும் மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. இருட்டு விலகுமுன் போய்விட்டு வர வேண்டும் என்பதற்காக அவர்கள் எழும் நேரம் நாலரை மணி. கழிப்பறையின் பூட்டைத் திறந்துவைத்து, விளக்கும் ஒரு பெண் பணியாளரும் இருக்கும்படி செய்தால், அப்புறப்படுத்தக் கோரும் மனுக்களில் பாதி எழுதப்படாமலே போகும் என்று ஒன்பது ஆண்டுகள் மனு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இவையெல்லாம் முடியாத காரியங்கள் என்று சொல்கிறவர்களுக்கு 2020-ஐ நினைவூட்டுகிறேன். ஊரடங்கு அறிவித்த அந்த மார்ச் மாதத்தில், சென்னையின் தெருக்களில் இருந்தவர்களுக்காகப் பள்ளிக் கட்டடங்களும் சமுதாய நலக்கூடங்களும் சில நாட்களுக்குள்ளேயே திறக்கப்பட்டன. உணவு வந்தது, மருத்துவர்கள் வந்தார்கள். நோய் நம்மையும் தொற்றும் என்ற அச்சம் வந்தவுடன் இடமும் பணமும் ஆட்களும் கிடைத்தார்கள். அப்போது அவற்றைத் திறந்தவர்களை இன்றும் நான் நன்றியோடு நினைக்கிறேன். திறக்க முடியும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

மாமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. 2022-இலிருந்து வார்டு குழுக்களும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபையில் வீடற்றோரைப் பற்றித் தனியாக ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், வார்டுக்குள் நடந்து பாருங்கள். எத்தனை பேர், அவர்களில் குடும்பங்கள் எத்தனை, பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை என்று உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து, குடும்பங்கள் பிரியாமல் தங்கவும், வண்டியை நிறுத்தவும், ஆவணங்களைப் பூட்டிவைக்க ஆளுக்கொரு பெட்டி கிடைக்கவும் கூடிய ஒரு காப்பகத்துக்கு இடம் காட்டுங்கள். அந்த இடம் கிடைக்கும் வரை, முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரின் மூட்டையையும் எவரும் லாரியில் ஏற்றக் கூடாது, அடையாள அட்டைகளை எந்த நிலையிலும் எடுத்துச் செல்லக் கூடாது என்று மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தோடும் ஆரம்ப சுகாதார நிலையத்தோடும் ஒருமுறை உட்கார்ந்து, 100-ஆவது பிரிவின்படி யார் யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எங்களுக்கும் கொடுங்கள். நாங்கள் அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவைப்போம்.

சங்க நிர்வாகிகளுக்கு நான் எழுதுவதில் கட்டளை இல்லை. நானும் உங்களில் ஒருத்தி. நடைபாதையைப் பற்றி அடுத்த மனு எழுதும்போது, அதே தாளில் இரண்டாவது பத்தியாக, எங்கள் பகுதியில் இன்ன கட்டடம் காப்பகத்துக்கு ஏற்றது என்று சேர்த்து எழுதுங்கள். அப்புறப்படுத்துங்கள் என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டு எவராவது உங்கள் கதவைத் தட்டினால், அந்த இரண்டாவது பத்தி எங்கே என்று கேளுங்கள். உங்கள் கூட்டத்துக்கு நடைபாதையிலிருந்து ஒருவரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் கூட்டத்துக்குப் பூக்கார அம்மா ஒருமுறை வந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். ஆனால் சனிக்கிழமைச் சண்டை எந்தக் கடையின் வாசலில் தொடங்குகிறது, யார் யார் வெளியாட்கள் என்பதை அவரைப்போல் எங்களுக்கு எவரும் விளக்கியதில்லை.

என் இரண்டாவது மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கையெழுத்திட்டவர்களில் பதினொரு பேர் என்னோடு சேர்ந்திருக்கிறார்கள்; சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் வீட்டுக் கதவையும் மறுபடி தட்டுவேன். அந்தக் கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக்கு அந்தப் பதினொரு பேரோடு வருகிறேன். பூக்கார அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாலை ஏழு மணிக்கு முன் கூட்டம் முடிந்தால் அவருடைய வியாபாரம் கெடாது. நேரம் குறிக்கும்போது அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் முன்னாள் செயலாளர்,
சென்னை